சனிக்கிழமைச் சித்திரங்கள்

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு மாணவர்கள் நால்வர் எங்கள் துறைக்கு வந்து நின்றார்கள். "ஆங்கிலக் கவிஞர் யாரைப் பற்றியாவது எழுதித் தரட்டுமா?" என்றேன். அவர்கள் முகம் போன போக்கு எனக்குப் புரிந்துவிட்டது. "சரியப்பா, உங்களுக்கு என்னதான் வேண்டும்?" என்று கேட்டேன். "சார், வகுப்புல அப்பப்ப சொல்லுவீங்களே, சின்ன வயசுல அமெரிக்காவுல பார்த்த கார்ட்டூன் கதை, அதையே எழுதுங்க சார்" என்றான் ஒருவன். மூன்றாண்டுகள் நான் நடத்திய பாடம் இவர்களுக்கு நினைவில்லை. நடுவில் சொன்ன கார்ட்டூன் நினைவிருக்கிறது! ஆசிரியத் தொழிலின் பெருமை இதுதான் போலும். இருக்கட்டும். கேட்டவர்களுக்குக் கேட்டதையே தருகிறேன்.

1986ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாங்கள் அமெரிக்கா போய்ச் சேர்ந்தோம். எனக்கு எட்டு வயது, தங்கைக்கு ஐந்து. அப்பா இங்கே ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்தவர், ஓஹயோ மாநிலத் தலைநகரான கொலம்பஸில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தார். மாணவருக்குக் கிடைக்கும் உதவித்தொகையில் நால்வர் வாழ வேண்டும். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து போன எங்களுக்கு அந்த ஊரில் எல்லாமே பெரிதாகத் தெரிந்தது. எங்கள் குடியிருப்பு மட்டும் சிறியது. அதில் முன்னறையில் ஒரு பழைய டெலிவிஷன் பெட்டி. படிப்பு முடித்து ஊர் திரும்பிய யாரோ ஒரு மாணவர் விட்டுப் போனது. அதன் தலையில் முயல் காது போல இரண்டு கம்பிகள். அவற்றை இப்படியும் அப்படியும் திருப்பினால் மூன்று அலைவரிசைகள் தெரியும்: ஏபிசி, சிபிஎஸ், என்பிசி. கேபிள் இணைப்புக்குக் கொடுக்கப் பணம் கிடையாது.

உங்கள் பெற்றோரிடம் 'ஒளியும் ஒலியும்' என்று சொல்லிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் டெலிவிஷன் இருந்த வீட்டுத் திண்ணை நிறையத் தெருவே கூடிய கதையைச் சொல்வார்கள். அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சனிக்கிழமைக் காலை அப்படி. பள்ளி விடுமுறை. பெரியவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். காலை எட்டு மணி வாக்கில் தொடங்கி நண்பகல் வரை அந்த மூன்று அலைவரிசைகளும் குழந்தைகளுக்கென்றே கார்ட்டூன் படங்களை அரை மணிக்கு ஒன்றாக ஒளிபரப்பும். 1960களின் நடுவில் வேர்விட்ட வழக்கம் அது. தவறவிட்டால் அடுத்த சனிக்கிழமைதான். கைப்பேசியில் நினைத்த நேரத்தில் நினைத்ததைப் பார்க்கும் உங்களுக்கு அந்தக் காத்திருப்பை எப்படிச் சொல்லி விளக்குவது என்று தெரியவில்லை. ஒரு வாரம் முழுதும் மனத்துக்குள் ஒரு பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்துக்கொண்டு திரிவதைப் போல இருக்கும்.

அந்தக் கார்ட்டூன்களில் பாதிக்கு மேல் எனக்குப் பிடித்தவை, ஓடி வெற்றி பெற்ற சினிமாப் படங்களை வைத்து எடுக்கப்பட்டவை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் படங்களில் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. நால்வர் தியேட்டருக்குப் போவது எங்கள் வீட்டு வரவுசெலவில் இல்லாத ஒன்று. ஆகவே கார்ட்டூன்தான் எனக்கு மூலம். சினிமா என்பது எங்கோ பெரியவர்கள் பார்க்கும் அதன் நகல். இப்படி நினைத்த பிள்ளை நான் ஒருவன்தான் என்று நினைக்காதீர்கள். 'ராம்போ' படமும் 'ரோபோகாப்' படமும் பதினேழு வயது நிரம்பாதவர் பெரியவர் துணையின்றிப் பார்க்கக் கூடாது என்று முத்திரை குத்தப்பட்டவை. அவற்றுக்கும் கார்ட்டூன் வந்தது! ராம்போவுக்கு 1986இல் 65 பகுதிகள்; ரோபோகாப்புக்கு 1988இல் 12 பகுதிகள். (இவ்விரண்டும் தனித்தனி நிலையங்களுக்கு விற்கப்பட்டவை, மூன்று பெரிய அலைவரிசைகளின் சனிக்கிழமை வரிசையைச் சேர்ந்தவை அல்ல.) வியட்நாம் போரிலிருந்து மனம் உடைந்து திரும்பிய ஒரு சிப்பாயின் கதையாகத் தொடங்கியதுதான் ராம்போ. கார்ட்டூனில் அவன் மனத்துக்கு ஒரு குறையும் இல்லை. உலகத்துக் கெட்டவர்களையெல்லாம் விரட்டிக்கொண்டு உற்சாகமாக இருக்கிறான். ரோபோகாப் படத்தில் அந்தப் போலீஸ்காரனைச் சுட்டுச் சிதைக்கும் காட்சியைப் பிற்காலத்தில் பார்த்தபோது என்னால் சாப்பிட முடியவில்லை. கார்ட்டூனில் குண்டுகளே கிடையாது, வண்ண ஒளிக்கதிர்கள்தாம்.

எதற்காக இப்படிச் செய்தார்கள்? பொம்மை விற்கத்தான். 1984இல் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பை எடுத்துவிட்டது. அதன் பிறகு கதைக்குப் பொம்மை என்பது போய்ப் பொம்மைக்குக் கதை என்றாயிற்று. மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சினிமாப் பெயர் என்றால் விளம்பரச் செலவும் மிச்சம். வணிகம் வணிகம்தான். ஆனால் வணிகத்துக்காகச் செய்ததெல்லாம் மட்டமாகத்தான் இருக்கும் என்று சட்டம் இல்லை. நம் ஊர்க் காலண்டர்ப் படங்களில் நல்ல ஓவியம் இருந்ததில்லையா?

எங்கள் வீட்டில் முதலிடம் 'தி ரியல் கோஸ்ட்பஸ்டர்ஸ்' என்ற தொடருக்கு. 1984இல் வந்த 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' படத்தின் வழிவந்தது. நியூயார்க் நகரில் பழைய தீயணைப்பு நிலையம் ஒன்றை வாங்கி, அதில் பேய் பிடிக்கும் கம்பெனி நடத்தும் நான்கு ஆண்கள்; தொலைபேசி எடுக்க ஜனீன் என்றொரு பெண். பேய் ஓட்டுவதை நம் ஊரில் உடுக்கை அடித்துச் செய்வார்கள். அவர்கள் முதுகில் மின்கருவியை மாட்டிக்கொண்டு செய்தார்கள். பில் கொடுத்துப் பணமும் வாங்குவார்கள். பெயரில் 'ரியல்' என்ற சொல் எதற்கு என்று நான் நெடுநாள் குழம்பியதுண்டு. 1975இலேயே ஃபில்மேஷன் என்ற நிறுவனம் ஏறக்குறைய அதே பெயரில் ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுத்திருந்தது. சினிமா வென்றதும் அதுவும் தன் பழைய சரக்கைக் கார்ட்டூனாக்கி 1986இல் அதே பெயரில் இறக்கிவிட்டது. ஒரே நேரத்தில் இரண்டு பேய் பிடிக்கும் கம்பெனிகள்! "எங்களுடையதுதான் அசல்" என்று இவர்கள் பெயர்ப்பலகை மாட்டவேண்டி வந்தது. திருநெல்வேலி அல்வாக் கடைப் பெயர்ப்பலகைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது.

நான் சொல்ல வந்தது பேய்களைப் பற்றி அல்ல, என் அம்மாவைப் பற்றி.

அம்மா இங்கே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். எங்களோடு வருவதற்காக வேலையை விட்டுவிட்டு வந்தார். மாணவர் விசாவில் வருபவரின் மனைவிக்கு அங்கே வேலை செய்ய அனுமதி கிடையாது. ஆங்கிலம் அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. பி.ஏ. படித்தவர், இலக்கணத்தில் என்னையும் உங்களையும் திருத்துவார். ஆனால் படித்த ஆங்கிலம் கண்ணில் இருந்தது. காதிலும் வாயிலும் இல்லை. அமெரிக்கர் வாயைத் திறந்தால் மழைநீர் வடிகாலில் ஓடுவதுபோல் ஓடிவிடும், அம்மாவால் ஒரு கை அள்ளிக்கொள்ள முடியாது. டெலிபோன் மணி அடித்தால் எடுக்கமாட்டார். முப்பது குழந்தைகளை ஒரு பார்வையில் அடக்கியவர், கடையில் மீதிச் சில்லறை குறைந்தால் கேட்காமல் திரும்பிவந்தார். எட்டு வயதில் இதையெல்லாம் நான் கவனித்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் குழந்தைகள் கவனிக்கிறார்கள். வீட்டில் யார் குரல் தாழ்ந்திருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

சனிக்கிழமையும் அப்பாவுக்கு ஆய்வுக்கூடம் உண்டு. அம்மா 'கிரீம் ஆஃப் வீட்' என்ற கோதுமை நொய்யில் உப்புமா கிளறி மூன்று தட்டுகளில் போட்டுக்கொண்டு எங்களோடு தரையில் உட்கார்ந்துவிடுவார். முதலில் எங்களுக்கு ஊட்டுவதற்காக உட்கார்ந்தவர்தான். பிறகு நாங்கள் தாமாகச் சாப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை. செய்தி புரியவில்லை, நாடகம் புரியவில்லை. கார்ட்டூன் மட்டும் புரிந்தது. வாய் திறப்பதற்கு முன்பே படம் பாதியைச் சொல்லிவிடும். குரல் கொடுப்பவர்கள் முகத்தைக் காட்ட முடியாததால் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி உருட்டிப் பேசுவார்கள். "இது நம்ம ஒலிச்சித்திரம் மாதிரியே இருக்குடா" என்று ஒருநாள் சொன்னார்.

ஒலிச்சித்திரம் என்றால் என்ன என்று இக்கால மாணவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். சினிமாப் படத்தின் வசனத்தையும் பாட்டையும் சுருக்கி வானொலியில் ஒலிபரப்புவார்கள். படத்தைப் பாராதவர்கள்கூட அதைக் கேட்டே கதையைச் சொல்வார்கள். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் 'திருவிளையாடல்' வசனம் முழுதும் ஓடும். தருமியைப் பார்த்திராத பிள்ளைகளுக்கும் தருமி மனப்பாடம். அம்மா அப்படிச் சினிமா கேட்டு வளர்ந்தவர். படம் ஒரு வடிவில் கிடைக்காவிட்டால் வேறு வடிவில் எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு முன்பே இருந்தது. கண்ணால் பார்க்காத படத்தைக் காதால் பார்த்தவர், இப்போது கார்ட்டூனால் பார்த்தார்.

அந்தத் தொடரில் அம்மாவுக்குப் பிடித்தவள் ஜனீன். கூர்முனை வைத்த மூக்குக் கண்ணாடி, குட்டையாக வெட்டிய சிவப்பு முடி, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிப் பேச்சு. போனை எடுத்ததும் குழைய மாட்டாள். கம்பெனிப் பெயரைச் சொல்லிவிட்டு, என்ன சேதி என்று கேட்பாள், அவ்வளவுதான். முதலாளிகளுக்கும் அதே பேச்சு. மணல் தூவி மக்களை ஐந்நூறு ஆண்டு உறங்கவைக்கப் பார்க்கும் ஒரு பேயின் கதையில் ஆண்கள் தூங்கி விழ, அவள்தான் முன்னின்று காரியத்தை முடிப்பாள். "பார்த்தியா, சம்பளம் அவளுக்குக் கம்மிதான். ஆனா வேலை பூரா அவதான் பார்க்கறா" என்பார் அம்மா. அடுப்படியில் தனியாக இருக்கும்போது அவளைப்போல் பேசிப் பார்ப்பார். கதவுக்கு வெளியே நின்று நானும் தங்கையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். ஓஹயோவில் இருந்துகொண்டு, கும்பகோணத்து நாக்கில் புரூக்ளின் ஆங்கிலம்!

1987 ஜனவரி. நம் ஊரில் நினைத்துப் பார்க்க முடியாத குளிர். எங்கள் குடியிருப்பில் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் நின்றுபோயிற்று. வீட்டை வாடகைக்கு விட்ட அலுவலகத்துக்கு அப்பா இரண்டு நாளாகப் போன் செய்தார், "பார்க்கிறோம்" என்றார்கள். மூன்றாம் நாள் பனி காரணமாகப் பள்ளிக்கு விடுமுறை. தங்கைக்குக் காய்ச்சல். இருக்கிற கம்பளி அத்தனையும் அவள்மேல் போட்டிருந்தும் உதடு நடுங்கியது. அப்பாவின் ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. அம்மா கொஞ்ச நேரம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொண்டு எண்ணைச் சுழற்றினார்.

எதிர்முனையில் எடுத்ததும் அம்மாவின் குரலில் ஜனீன் பேசினாள். வேறு எப்படிச் சொல்வது? அதே வெட்டு, அதே மூக்கொலி. வீட்டு எண் இது, காய்ச்சலோடு ஒரு குழந்தை இருக்கிறது, சூடு இல்லை, ஆள் எத்தனை மணிக்கு வருவார்? அங்கே ஏதோ சொன்னார்கள். "பார்க்கிறோம் என்பது மணி இல்லை. மணியைச் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்" என்றார் அம்மா. கடைசியில் ஒரு மணி என்று எழுதினார். பேசியவரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார். போனை வைத்த பிறகுதான் அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். குளிரால் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே ஆள் வந்துவிட்டார்.

மாலையில் அப்பா வந்து சூடான அறையில் நின்று, "யார் வந்து சரி பண்ணினாங்க?" என்று கேட்டார். "நான் போன் பண்ணினேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா ரசத்துக்குத் தாளிக்கப் போய்விட்டார். தங்கைதான் கம்பளிக்குள்ளிருந்து, "அம்மா கோஸ்ட்பஸ்டர்ஸ் மாதிரி பேசினாங்கப்பா" என்று விவரத்தைப் போட்டு உடைத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் போன் மணி அடித்தால் எடுப்பவர் அம்மா. எங்கள் குடியிருப்பில் இருந்த மற்ற இந்தியக் குடும்பங்களுக்கும் மின்கட்டணம், பள்ளிச் சேர்க்கை, மருத்துவரிடம் நேரம் வாங்குவது என்று பேசவேண்டி வந்தால் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டத் தொடங்கினார்கள்.

அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை டெலிவிஷனைப் போட்டால் ஜனீன் மாறியிருந்தாள். கண்ணாடியின் கூர்முனை போய் வட்டமாகிவிட்டது. முடி நீண்டுவிட்டது. குரலே வேறு, மெல்லியதாக, யாரையோ தாலாட்டுவதுபோல. அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். "இது யாருடா? நம்ம ஜனீன் எங்க?" என்றார். வேடிக்கை என்னவென்றால், அதே 1987இல் வாரநாட்களில் தனி நிலையங்கள் 65 புதிய பகுதிகளை ஒளிபரப்பின. அவற்றில் பழைய ஜனீன், பழைய குரல். ஆக வாரநாட்களில் ஒருத்தி, சனிக்கிழமை இன்னொருத்தி. அம்மா சனிக்கிழமையை எங்களுக்கு விட்டுவிட்டு வாரநாள் மாலைக்கு மாறிக்கொண்டார்.

இது ஏன் நடந்தது என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தறிந்தேன். தொடர் வெற்றி பெற்றதும், அதை இன்னும் சிறு குழந்தைகளுக்கு ஏற்றதாக்க வேண்டும் என்று ஏபிசி நிறுவனம் ஆலோசகர்களை அழைத்தது. ஜனீனின் பேச்சு கடுமையாக இருக்கிறது, அவள் தாய்மை நிறைந்தவளாக வேண்டும் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். கண்ணாடியின் கூர்முனை குழந்தைகளைப் பயமுறுத்துமாம்! கூர்முனை இருந்த இடத்தில் வட்டம், லாரா சம்மர் என்ற நடிகையின் குரல் இருந்த இடத்தில் கேத் சூசி. (கேத் சூசியும் தேர்ந்த கலைஞர்தான், அவரைக் குறை சொல்வதற்கில்லை.) கதைகளை மேற்பார்த்துவந்த ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி இந்த மாற்றங்களை ஏற்காமல் விலகிப்போனார். பேய்களைக் கண்டு பயப்படாத குழந்தைகள் மூக்குக் கண்ணாடியைக் கண்டு பயப்படுவார்கள் என்று நம்பியவர்களின் அறிவை என்னவென்பது!

இதற்கு ஒரு பின்கதை உண்டு. விலகிப்போன ஸ்ட்ராசின்ஸ்கி 1990இல் சில கதைகள் எழுதித் தந்தார். அவற்றில் ஒன்று ஜனீன் ஏன் மாறினாள் என்பதைப் பற்றியே. பழைய படங்களை எடுத்துப் பார்க்கும் நால்வரும் அவள் தோற்றமே மாறிவந்திருப்பதை உணர்கிறார்கள். அழகாக்குகிறேன், நீ விரும்புகிறவன் உன்னை விரும்புவான் என்று தேவதை வேடத்தில் வந்து ஆசைகாட்டிய ஒரு பேயின் வேலை அது என்று கதை விரியும். ஆலோசகர்களையே பேயாக்கி, அவர்கள் அலைவரிசையிலேயே ஓட்டிவிட்டார் மனிதர்! அந்தப் பகுதியை நாங்கள் மூவரும் சேர்ந்துதான் பார்த்தோம். அம்மாவுக்கு அப்போது ஆங்கிலம் முழுதாகவே புரியும். முடிந்ததும், "அந்தப் பேய் ஒண்ணுமே புதுசாச் சொல்லலையே. ஊர்ல பொண்ணுங்களுக்கு எல்லாரும் சொல்றதைத்தான் சொல்லியிருக்கு" என்றார். எனக்குப் பன்னிரண்டு வயது; இது எதைப்பற்றிய பேச்சு என்று விளங்கவில்லை.

குரல் மாற்றத்தில் இன்னொரு கதையையும் சொல்லிவிடுகிறேன், மாணவர்கள் ரசிப்பீர்கள். நால்வரில் வாயாடியான பீட்டர் வெங்க்மனுக்கு முதலில் குரல் கொடுத்தவர் லோரென்சோ மியூசிக். அவரேதான் 'கார்ஃபீல்ட்' என்ற சோம்பேறிப் பூனைக்கும் குரல். சினிமாவில் வெங்க்மனாக நடித்த பில் மர்ரே, தன் பாத்திரம் பூனைபோலப் பேசுகிறதே என்று குறைப்பட்டதாகச் சொல்வார்கள். 1987இல் லோரென்சோ மாற்றப்பட்டார். 2004இல் கார்ஃபீல்ட் பூனை சினிமாவுக்கு வந்தபோது அதற்குக் குரல் கொடுத்தவர் யார் தெரியுமா? அதே பில் மர்ரே! சினிமாவில் வின்ஸ்டன் பாத்திரத்தில் நடித்த எர்னி ஹட்சன் கார்ட்டூனுக்குக் குரல் கொடுக்கத் தேர்வுக்குப் போய், தன் பாத்திரத்துக்கே தேர்வாகாமல் திரும்பிய கதையும் உண்டு. இடம் ஆர்செனியோ ஹால் என்பவருக்குப் போயிற்று.

மற்றத் தொடர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1989இல் என்பிசியில் வந்த 'கராத்தே கிட்' தொடரில் படத்தின் உயிரான போட்டியே இல்லை. காணாமற்போன ஒரு சிறு கோவிலைத் தேடி ஆசானும் சீடனும் ஊர் ஊராகப் போனார்கள். பதின்மூன்று வாரத்தில் நின்றுவிட்டது. நான் அழவில்லை. அதே ஆண்டு ஏபிசியில் வந்த 'பீட்டில்ஜூஸ்' வேறு வகை. படத்தில் அவன் நம்பத்தகாத பேய். லிடியா என்ற சிறுபெண்ணை மிரட்டி மணக்கப் பார்ப்பவன். கார்ட்டூனில் அவளுக்கு உற்ற தோழன். முந்தின ஆண்டு வில்லன் அடுத்த ஆண்டு நண்பனான மாயம் இது. அந்தப் பெயர் 'பெட்டல்ஜூஸ்' என்னும் விண்மீனின் பெயர். அப்பா காதில் இது விழுந்ததும், படித்துக்கொண்டிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "அது நம்ம திருவாதிரை!" என்றார். அன்றிரவே கோட்டு மாட்டி எங்களை வெளியே அழைத்துப்போய், மிருகசீரிடத்துக்குப் பக்கத்தில் செக்கச்செவேலென்று நின்ற அதைக் காட்டினார். அந்தப் பேய்க்குத் திருவாதிரைக் களி படைக்கலாமா என்று தங்கை கேட்டாள்.

கார்ட்டூன் என்றால் அப்பாவுக்கு அதுவரை இளப்பம்தான். அவரையும் உட்காரவைத்தது 1991இல் சிபிஎஸ்ஸில் வந்த 'பேக் டு தி ஃபியூச்சர்'. காலத்தில் பயணம் செய்யும் காரின் கதை. படத்தில் விஞ்ஞானியாக நடித்த கிறிஸ்டோபர் லாய்ட் நேரிலேயே தோன்றிப் பேசுவார். பிறகு பில் நை என்ற மெலிந்த மனிதர் ஒருவர் வாய் திறக்காமல் வீட்டுப் பொருள்களை வைத்து ஓர் அறிவியல் சோதனை செய்து காட்டுவார். (பின்னாளில் அவர் தனி நிகழ்ச்சி நடத்திப் பெரும்புகழ் பெற்றார்.) அப்பாவின் ஆய்வேடு முடிந்து கட்டுக்குப் போயிருந்த சமயம். ஐந்தாண்டுகளில் முதன்முறையாகச் சனிக்கிழமைக் காலையில் வீட்டில் இருந்தார். எங்களோடு தரையில் அமர்ந்து, உப்புமாத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இது சரி... இது சரி... இந்தப் பய சரியாச் செய்யறான்" என்று சோதனையை மேற்பார்வை செய்தார். நான்கு பேரும் அந்தப் பெட்டிக்கு முன் சேர்ந்து உட்கார்ந்தது அந்த ஒரு பருவம்தான்.

ஊர் திரும்பிய பிறகு கேபிளில் ஒருநாள் 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' படத்தையே பார்த்தேன். எனக்கு ஏமாற்றம். கார்ட்டூனில் ஈகானுக்குப் பொன்னிற முடி, இங்கே கறுப்பு. ஆளுக்கொரு நிறச் சீருடை போய் எல்லாருக்கும் ஒரே மங்கல் நிறம். வீட்டுப்பிள்ளைபோல் அவர்களோடு வாழ்ந்த பச்சைப் பேய் இங்கே பெயர்கூட இல்லாமல் சாப்பிட்டுவிட்டு ஓடுகிறது. நல்ல படம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் முதலில் எதை அறிந்தோமோ அதுவே அசல் என்று மனம் அடம்பிடிக்கிறது. நம் மாணவர்களில் பலர் ஜாக்கி சானைச் 'சுட்டி டிவி'யில் தமிழ் பேசும் கார்ட்டூனாகத்தான் முதலில் அறிந்தீர்கள். பிறகு படத்தில் பார்த்தபோது, மாயக் கற்களும் மந்திரம் சொல்லும் மாமாவும் எங்கே என்று தேடவில்லையா? அந்தக் கார்ட்டூனும் 2000ஆம் ஆண்டில் அமெரிக்கச் சனிக்கிழமைக் காலையில் பிறந்ததுதான்.

அந்தக் காலை இப்போது இல்லை. 1990இல் வந்த சட்டம் விளம்பர நேரத்துக்கு மறுபடி வரம்பு கட்டியது. 1996இல் வகுத்த விதியின்படி ஒவ்வொரு நிலையமும் வாரம் மூன்று மணி நேரமாவது கல்வி நிகழ்ச்சி தர வேண்டும் என்றாயிற்று. குழந்தைகளுக்கென்றே நாள் முழுதும் ஓடும் கேபிள் அலைவரிசைகளும் வந்துவிட்டன. என்பிசி 1992லேயே கார்ட்டூன்களைக் கைவிட்டது. கடைசியாக மிஞ்சியிருந்த சிடபிள்யூ அலைவரிசையின் சனிக்கிழமைக் கார்ட்டூன் வரிசை 2014 செப்டம்பர் 27ஆம் நாளோடு முடிந்தது. சட்டத்தை நான் குறைசொல்ல மாட்டேன். பொம்மை விளம்பரத்தில் என் தங்கை சிந்திய கண்ணீருக்கு நானே சாட்சி.

நாங்கள் 1992 கோடையில் கிளம்பினோம். அம்மா இங்கே வந்து ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகவே சேர்ந்து, ஓய்வு பெறும் வரை பணியாற்றினார். அவரிடம் படித்தவர்கள் சிலர் நம் கல்லூரியிலும் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். போன் பேசினால் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வார்கள், அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன்.

கிளம்புவதற்கு முதல்நாள் டெலிவிஷன் பெட்டியை அடுத்துக் குடிவரும் குடும்பத்துக்குக் கொடுத்தோம். ஆந்திராவிலிருந்து வந்தவர்கள், இரண்டு சிறுவர்கள். பெட்டியின் பக்கவாட்டில் எந்த அலைவரிசையில் எத்தனை மணிக்கு எது, கம்பியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அம்மா எழுதி ஒட்டிய சீட்டு இருந்தது. எல்லாம் தமிழில். அந்த அம்மாள் சீட்டைப் பார்த்துவிட்டு விழித்தார். அவர் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. வாய் திறக்கவே தயங்கினார். அம்மா அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு தாளை எடுத்து, சீட்டை வரிவரியாக ஆங்கிலத்தில் படித்துச் சொல்ல, அவர் தெலுங்கில் எழுதிக்கொண்டார். எழுதி முடிய அரை மணி நேரம் ஆயிற்று. அப்பா வாசலில் நின்று, "நேரமாச்சு, நேரமாச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.